ஒளிவுமறைவில்லாத ஒரு கல்யாணம்

சிவமணி மறுபடியும் கல்யாணம் செய்யப்போகிறாள் என்ற செய்தியைக் கொழும்பு வெள்ளவத்தைக்குச் சொன்னது வேறு யாருமில்லை, சிவமணியேதான். முதலில் காலஞ்சென்ற கணவரின் அக்காவிடம் சொன்னாள். பிறகு கோயிலில் அவளோடு பூ மாலை கட்டும் பெண்களிடம் சொன்னாள். அதற்குப் பிறகு லிஃப்டிலும் மரக்கறிக் கடையிலும் சுகம் விசாரித்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பெண் இப்படியொரு செய்தியைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாள் என்று ஆட்கள் எதிர்பார்த்தார்கள். அவள் தாழ்த்தவில்லை.

"மாப்பிள்ளை ஆர்?" என்று கேட்டவர்களுக்கு, "கொட்டாஞ்சேனைக்காரர். ரொனி எண்டு பேர். வேதக்காரர்," என்றாள். கிறிஸ்தவர் என்றதும் கேட்டவர்கள் அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டார்கள்.

அவள் எப்போதுமே அப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த புதிதில், யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், காலையில் பஸ் ஏறுமுன் நெற்றிப் பொட்டைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவாள். தங்கியிருந்த வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்த புத்தி அது. அலுவலகத்துக்குப் போனதும் கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்ப வைத்துக்கொள்வாள். கூட வேலைசெய்த தமிழ்ப் பெண்கள் பலரும் அதையேதான் செய்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பயம் என்றால் பயம்தான். ஆனால் ஒருநாள் அந்தக் கண்ணாடியில் துடைத்த நெற்றியைப் பார்த்தபோது, தன்னைத் தானே யாரோ தெரியாத ஆளிடம் கொடுத்துவிட்டு வந்ததுபோல அவளுக்கு இருந்தது. அடுத்த நாளிலிருந்து துடைக்கவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவன் நெற்றியையும் பார்த்தான். பார்க்கட்டும் என்று நின்றாள். ஒளித்து வாழ்வதில்லை என்ற எண்ணம் அவளுக்குள் ஊன்றியது அங்கேதான். எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல.

அவள் வேலைசெய்தது காலி வீதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில். "இந்தப் பொலிசி இந்த வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக் காசு தராது ஐயா, கையெழுத்து வைக்கமுதல் வடிவாய் வாசியுங்கோ," என்று வாடிக்கையாளரிடம் நேரே சொல்லிவிடுவாள். மேலாளருக்கு அது பிடிக்காது. ஆனாலும் ஆட்கள் வந்து, "அந்த மிஸ் இருக்கிறாவோ?" என்று அவளைத்தான் தேடினார்கள். ஓய்வு பெறும்வரைக்கும் அந்தக் கவுண்டரிலேயே இருந்தாள்.

கணவர் கனகசபாபதி கட்டட வரைபடம் கீறுபவர். அதிகம் பேசாத மனிதர். ஒரே மகன் பிரசாந் கல்யாணம் செய்து கனடாவில் குடியேறிய பிறகு, அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாயின. களுபோவில ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்குப் போய்வருவதே இருவரின் வாழ்க்கையானது. உள்ளே அவருடைய இரத்தம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்க, வெளியே நீண்ட மர வாங்கில் சிவமணி உட்கார்ந்திருப்பாள். அதே வாங்கில் பக்கத்தில் ரொனி. உள்ளே அவருடைய மனைவி ஜெசிந்தா.

ரொனி துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பத்திரிகை ஒன்றும் சிங்களப் பத்திரிகை ஒன்றும் கொண்டுவருவார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு மற்றதை வாசிப்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். அவள் ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோவாள். உள்ளேயிருந்து தாதி எட்டிப் பார்க்கும்போது இரண்டு பேருமே ஒரேயடியாக எழுந்து நிற்பார்கள். அந்த வாங்கில் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லாமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஆட்கள் குறைவு.

கனகசபாபதி முதலில் போனார். செத்தவீட்டுக்கு ரொனி வந்து, ஒரு மூலையில் கதிரையில் இருந்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த மழைக்காலத்தில் ஜெசிந்தா போனாள். சிவமணி கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தாள். பிறகு எப்போதாவது ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு அடிக்கடி. வருடங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரொனி வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். சைவக்கடை ஒன்றில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"சிவமணி மிஸ், நான் ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ. கோவிக்கிறதோ இல்லையோ பிறகு பாப்பம்."

"காலையில பேப்பர் வாசிக்கிறப்ப, அட, இத சிவமணி மிஸ்கிட்ட சொல்லணுமேன்னு தோணும். ஃபோன் கோல் எடுக்கலாம்தான். ஆனா கோல் எடுத்துச் சொல்ற அளவுக்குப் பெரிய விசயமா இருக்காது. ஒரே வீட்டுல இருந்தா சும்மா சொல்லிட்டுப் போயிரலாம்."

சிவமணி சாம்பாரை ஊற்றினாள். "யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் கடைசியில்.

யோசித்தாள். பிரம்புக் கதிரையில் இருந்து கடல் காற்றில் யோசித்தாள். தொலைபேசி எடுக்கும் அளவுக்குப் பெரிதில்லாத விஷயங்கள் தன்னிடமும் நிறையச் சேர்ந்து கிடப்பது அவளுக்குத் தெரியவந்தது. லிஃப்டில் யாரோ நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தது. ரயில் போகும்போது சுவரில் தொங்கும் கலண்டர் ஆடுவது. அவற்றை யாரிடம் சொல்வது? அடுத்த ஞாயிறு வருமுன்னேயே, "ஓம்," என்று ரொனியிடம் சொல்லிவிட்டாள்.

அதைச் சொன்ன மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, இரண்டு மாடி இறங்கி யோகநாயகியின் வீட்டுக்குப் போனாள். கணவரின் ஒரே அக்கா அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிவமணிக்குக் கொழும்பில் தாய்வீடு என்றால் அது அந்த வீடுதான். யோகநாயகி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், ஒரு விசயம் சொல்லவேணும். வேற ஆள் சொல்லி நீங்கள் கேள்விப்படக்கூடாது."

சொன்னாள். யோகநாயகியின் கை நின்றது.

"நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"விசர்க்கதை இல்லை மச்சாள்."

"தம்பியின்ர படத்துக்கு முன்னால நிண்டு இதைச் சொல்லுவீரோ?"

"அங்கதான் முதல் சொன்னனான். சொல்லிப்போட்டுத்தான் கீழ வந்தனான்."

யோகநாயகி இன்னொரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். "ஆள் ஆர்? எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை. ஆஸ்பத்திரியில சந்திச்சனாங்கள், சொல்லியிருக்கிறன். ரொனி."

"அந்த வேதக்காரனோ?" யோகநாயகி முருங்கையிலைத் தட்டைத் தள்ளிவைத்தாள். "சிவமணி, உமக்கு என்ன குறை? நான் கீழ இருக்கிறன், மகன் இருக்கிறான், கோயில் இருக்கு. என்னத்துக்கு இது?"

குறை என்று ஒன்றும் இருக்கவில்லை என்பது உண்மை. "எனக்கு விருப்பமாயிருக்கு மச்சாள்," என்றாள். அதைவிட நேர்மையான பதில் அவளிடம் இருக்கவில்லை.

"அப்பிடியெண்டால் இனி இந்த வாசலுக்கு வரவேண்டாம்."

சிவமணி படியேறி மேலே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிரசாந் சத்தம் போடவில்லை. அவன் அப்படிப்பட்ட பிள்ளையுமல்ல. தொலைபேசித் திரையில் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேட்டான்:

"நல்ல மனிசனோ அம்மா?"

"நல்ல மனிசன்."

"அப்ப சரி. நான் தடுக்கேல்லை. உங்கட வாழ்க்கை." மனைவி பக்கத்தில் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தான். "ஆனா ஒண்டு. ஆக்களுக்குச் சொல்லாதேங்கோ. மாமனார் இங்க கோயில் தர்மகர்த்தா. தெரிஞ்சால் இவளுக்கும் எனக்கும் வீட்டில பெரிய கரைச்சலாப்போகும். கொட்டாஞ்சேனையில ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திட்டன் எண்டு சொல்லுங்கோவன். சின்ன விசயம்தானே."

"நான் வாடகைக்குப் போகேல்லைத் தம்பி. கல்யாணம் செய்து போறன்."

"அது எனக்குத் தெரியும் அம்மா. வெளியாலதான்..."

"கல்யாணத்தை ஒளிக்கிறதெண்டால் அந்த மனிசனையும் சேர்த்துத்தானே ஒளிக்கவேணும். ஆரும் வந்தால் அவரை அறைக்குள்ள போய் இருக்கச் சொல்லுறதோ? அவர் என்ன களவெடுத்தவரோ?"

பிரசாந், வேலைக்கு நேரமாகிறது என்று திரையை அணைத்தான். அங்கே அப்போது இரவு என்பது இருவருக்குமே தெரியும்.

இதெல்லாம் அவள் எதிர்பார்த்த முட்கள். எதிர்பாராத முள் கொட்டாஞ்சேனையில் இருந்தது.

ரொனியின் வீடு, தேவாலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் இருந்த பழைய ஓட்டு வீடு. சுவரில் இயேசுவின் திருஇருதயப் படமும், அதன் கீழே அணையாமல் எரியும் சிவப்பு மின்குமிழும். வீட்டை நடத்தியது ரொனியின் தங்கை எமல்டா. கல்யாணம் செய்யாதவள். தாய் தகப்பனைப் பார்த்தாள், பிறகு அண்ணனையும் அண்ணியையும் பார்த்தாள். சிவமணி போன அன்று கேக்கும் பற்றிஸும் வைத்து நன்றாகத்தான் உபசரித்தாள். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நாங்க ஒண்ணும் பெருசா கேக்கல்ல. நீங்க ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா போதும். கோயில்லயே பூசை வச்சு வடிவா கல்யாணத்தச் செஞ்சிரலாம். ஃபாதர் பேதுருகிட்ட வகுப்புக்கு உங்க பேரையும் குடுத்திட்டேன்."

"எமல்டா, நான் சைவம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லையே."

"யாரு நம்பிக்கையப் பாக்கப்போறா? தலையில தண்ணி ஊத்துவாங்க, ஒரு பேரு வைப்பாங்க. நாங்க சிவமணின்னுதான் கூப்பிடுவோம். மனசுக்குள்ள உங்க பிள்ளையாரக் கும்பிட்டுக்குங்க. நீங்களும் செவ்வாக்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்கு வர்ற ஆள்தானே? அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறீங்கதானே?"

"ஓம், கொளுத்துறனான். என்ர மனிசன் வருத்தமாக் கிடக்கேக்க ஒரு செவ்வாயும் விட்டதில்லை. ஆனா அது கேக்கிறது. இது சத்தியம் செய்யிறது."

எமல்டா சிரித்தாள். "ரொம்ப யோசிக்கிறீங்க அக்கா."

ரொனி அவளை பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் பேசினார்.

"எமல்டா சொன்னத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சிவமணி. ஒரு நாள் விசயம்தானே. வீட்டுல சமாதானம் வேணும் இல்லையா?"

சிவமணி நின்றாள். "நீங்கள் அந்த ஞானஸ்நானத்தை நம்பிறியளோ?"

"நம்புறேன். நம்பாம?"

"அப்ப, நம்பாத ஒருத்தி நம்பிறன் எண்டு பொய் சொல்லி அதை வாங்கினால் உங்களுக்குச் சரியோ?"

ரொனி வாயைத் திறந்தார். மருதானை வழியாக வெள்ளவத்தைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. நடத்துநர் "நகின்ட, நகின்ட!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான். அவள் ஏறிக்கொண்டாள். யன்னலால் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் ரொனியிடமிருந்து அழைப்பு இல்லை. சிவமணியும் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, இப்போது 'எப்ப கல்யாணம்?' என்று கேட்பவர்களுக்கு, "நடக்குமோ தெரியாது," என்று அதையும் மறைக்காமல்தான் சொன்னாள். கீழே யோகநாயகியின் கதவு சாத்தியே கிடந்தது. வீட்டில் அவ்வளவு அமைதியை அவள் முன்பு கண்டதில்லை.

அந்த நாட்களில் ஒரு கேள்வி அவளைப் போட்டு வாட்டியது. தான் பிடித்துக்கொண்டிருப்பது கொள்கையா, அல்லது வெறும் பிடிவாதமா? வயது போனால் பழக்கங்கள்கூடக் கொள்கை மாதிரி வேஷம் போட்டுக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும், போகலாம். கடல் காற்று இருக்காது, பரவாயில்லை. செவ்வாயிலும் வெள்ளியிலும் அவள் மரக்கறி சமைத்துக்கொண்டிருக்க, பக்கத்து அடுப்பில் மீன் பொரியும், மூக்குக்குப் பழகிவிடும். நாலு எட்டு வைத்தால் போகக்கூடிய கோயிலுக்கு இனிமேல் பஸ் ஏறி வரவேண்டும், வரலாம். ஆச்சரியம் என்னவென்றால், தன்னால் விடமுடியாது என்று நினைத்திருந்த பலவற்றை மனம் தடையில்லாமல் விட்டுக்கொடுத்தது. ஓரிடத்தில் மட்டும் அது காலை ஊன்றி நின்றது.

வித்தியாசம் எங்கே என்று யோசித்தபோது அவளுக்கு மெல்லப் பிடிபட்டது. மற்றதையெல்லாம் செய்துவிட்டு, செய்தேன் என்று யாருக்கும் சொல்லலாம். இதை மட்டும் செய்துவிட்டு வாழ்நாள் முழுக்க வாயைக் காக்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் முழங்காலிடும் அந்த மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பொய்யும் முழங்காலிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பொய்யோடு குடும்பம் நடத்துவதைவிடத் தனியாகத் தேத்தண்ணி குடிக்கலாம்.

கல்யாணம் போனால் போகட்டும் என்று அவள் முடிவெடுத்த நாளில் மனம் இலேசாகிவிடவில்லை. ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஞானஸ்நான வகுப்புக்கு அவளுடைய பெயரைக் கொடுத்திருந்தார்கள். பேர் கொடுத்துவிட்டுப் போகாமல் விடுவது சரியில்லை. சேலையை மாற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள்.

ஃபாதர் பேதுரு ஐம்பது வயது மதிக்கத்தக்க பருத்த மனிதர். அலுவலக அறையில் பழுதான மின்விசிறி ஒன்றை மேசையில் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நான் சிவமணி. எமல்டா என்ர பேரை வகுப்புக்குத் தந்தவ. நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போக வந்தனான்."

ஃபாதர் திருப்புளியைக் கீழே வைத்தார். "வரமாட்டேன்னு சொல்றதுக்கு வெள்ளவத்தையில இருந்து வந்தீங்களா? இருங்க, இருங்க."

அவர் காரணம் கேட்டார். அவள் சொன்னாள். எமல்டா மேல் கோபமில்லை என்றும் சொன்னாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை.

"நீங்க பொய்யா எடுக்க வந்திருந்தீங்கன்னா எனக்குத்தான் சங்கடம்," என்றார் கடைசியில். "ஞானஸ்நானம் இல்லாமலும் எங்க கோயில்ல கல்யாணம் செய்யலாம். ஆயர்கிட்ட விசேஷ அனுமதி வாங்கணும், அவ்வளவுதான். பூசை இருக்காது, சின்னதா நடக்கும். இத ரொனி உங்ககிட்ட சொல்லல்லையா?"

"அவருக்குத் தெரியுமோ?"

"போன கிழமை இங்க வந்து கேட்டுட்டுப் போனாரே. உங்க கேள்விக்கு அவர்கிட்ட பதில் இல்லையாம். பஸ் ஹோல்ட்டுல வச்சு ஏதோ கேட்டீங்களாமே." ஃபாதர் புன்னகைத்தார். "தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்கார்போல."

சிவமணிக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் உடனே எழுந்துவிடவில்லை. "அப்பிடிச் செய்தால், அங்க நான் என்ன சொல்லவேணும் ஃபாதர்?"

அவர் ஒரு சிறு புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் உண்மையாய் இருப்பதாக ஒருவருக்கு ஒருவர் கொடுக்கும் வாக்கு. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தாள். களுபோவில வாங்கு நினைவுக்கு வந்தது. நோயில் இருப்பது என்னவென்று இரண்டு பேருக்கும் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

"இதைச் சொல்லுவன்," என்றாள். "இதில ஒரு பொய்யும் இல்லை."

"எமல்டாகிட்ட நான் கதைக்கவா?"

"வேண்டாம் ஃபாதர். நானே போய்ச் சொல்லுறன்."

எமல்டா பின்பக்கக் குழாயடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சிவமணி ஒரு சின்ன வாங்குப்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள்.

"ஃபாதரைப் பாத்திட்டு வாறன் எமல்டா. வகுப்புக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

எமல்டா நிமிராமல் செதிள் சுரண்டினாள். "எங்க வேதம் உங்களுக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா அக்கா?"

"கேவலமெண்டால் உடன வந்து எடுத்திருப்பன். ஒரு சோடினைதானே எண்டு எடுத்திருப்பன். உங்கட அம்மா உங்களைக் கைக்குழந்தையாத் தூக்கிக்கொண்டு போய் வாங்கித் தந்தது அது. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதை நம்பி எழும்பிறியள். அதை நான் வேசத்துக்கு வாங்கிறது உங்களுக்குச் செய்யிற மரியாதையோ?"

கத்தி நின்றது. எமல்டா அதைக் கீழே வைத்தாள். பிறகு அவள் சொன்னது வேறொரு விஷயம்.

"பின்னேரத்துல நாங்க மூணு பேரும் ஒண்ணா இருந்துதான் செபமாலை சொல்வோம். அண்ணி போன பிறகு நானும் அண்ணனும். இனி நீங்க ஒரு பக்கம் டிவி பாப்பீங்க, அண்ணன் உங்களோட இருப்பார். நான் மட்டும் தனியா சாமியறையில... நான் இந்த வீட்டுக்குள்ளேயே வேலைக்காரி மாதிரி ஆகிருவேனேன்னுதான்..." மீன் கையால் கண்ணைத் துடைக்கமுடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்தாள்.

சிவமணிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஞானஸ்நானத் தண்ணீரைப் பற்றிய பேச்சே அல்ல இது.

"நீங்கள் ரெண்டு பேரும் செபமாலை சொல்லுங்கோ. நான் பக்கத்தில வந்து இருக்கிறன். வாய் அசைக்கமாட்டன். ஆனா முடியும்வரைக்கும் இருப்பன். அது போதுமோ?"

எமல்டா கத்தியை மறுபடி எடுத்து, "அந்தச் சட்டிய இங்கிட்டு எடுங்க," என்றாள். சிவமணி எடுத்துக் கொடுத்தாள்.

ரொனி வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. "நான்தான் இத வந்து சொல்லியிருக்கணும்," என்றார்.

"ஓம். நீங்கள்தான் சொல்லியிருக்கவேணும்," என்றாள் சிவமணி. பரவாயில்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கோபம் ஆற அதற்குப் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன.

அனுமதி வந்து, கல்யாணம் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. காப்புறுதிக் கம்பனியிலிருந்து இரண்டு பேரும், மாலை கட்டும் பெண்களில் ஒருத்தியும் வெள்ளவத்தையிலிருந்து வந்தார்கள். எமல்டா புதுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்து தேம்பித் தேம்பி அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. யோகநாயகி வரவில்லை. அன்று காலை பிரசாந் அழைத்தான். "மாமாவுக்கு நானே சொல்லிப்போட்டன் அம்மா," என்றான். "இப்ப என்னோட கதைக்கிறேல்லை. பரவாயில்லை. சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் இலேசாக் கிடக்கு." கல்யாணத்துக்கு வர அவனால் முடியவில்லை. வந்திருக்கலாம் என்று சிவமணிக்கு இப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது அவள் கனகசபாபதியின் படத்தையும் கொண்டுபோனாள். ஜெசிந்தாவின் படத்துக்குப் பக்கத்தில் ரொனியே ஆணி அடித்து மாட்டினார். பிள்ளையாருக்கு அவளுடைய அறையில் கிழக்குச் சுவர் கிடைத்தது. பின்னேரங்களில் செபமாலை நடக்கும்போது அவள் ஒரு கதிரையில் வந்து பேசாமல் இருப்பாள். சில நாட்களில் அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள். எமல்டா அதற்காக அவளோடு சண்டை பிடிப்பாள். காலையில் ரொனி பத்திரிகையிலிருந்து ஒன்றுக்கும் உதவாத செய்திகளைச் சத்தமாக வாசிப்பார். சிவமணி இப்போதெல்லாம், "போதும், கொஞ்சம் பேசாமல் இருங்கோ," என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

இந்த வருடம் கனகசபாபதியின் திவசம் வந்தது. மறுபடி கல்யாணம் செய்தவள் முதல் கணவருக்குத் திவசச் சமையல் செய்யலாமோ கூடாதோ என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு அவள் கொடுக்கவேண்டிய மரியாதை கல்யாணத்தோடு முடிந்துவிடவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எமல்டா முதல் நாளே சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்து, "நாளைக்கு மீன்காரன் வந்தா வேண்டாம்னு அனுப்பிருவேன்," என்றாள். ரொனி வாழையிலை வாங்கி வந்தார். படைத்து முடித்ததும், சோறும் கறியும் பாயசமுமாக டிபன் கரியரில் எடுத்துக்கொண்டு சிவமணி வெள்ளவத்தைக்குப் போனாள்.

யோகநாயகி கதவைத் திறந்தாள். இருவரும் பேசி ஒரு வருடத்துக்கு மேலிருக்கும். மச்சாள் நன்றாக மெலிந்திருந்தாள்.

"இண்டைக்குத் திவசம், மச்சாள். சாப்பாடு கொண்டுவந்தனான்."

யோகநாயகி கரியரைப் பார்த்தாள். "எங்க சமைச்சது?"

கோயில் மடப்பள்ளியில் என்று சொன்னால் கை நீட்டி வாங்குவாள் என்பது சிவமணிக்குத் தெரியும். அந்தச் சாப்பாட்டை மச்சாள் வாங்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு நெஞ்சு நிறைய இருந்தது.

"கொட்டாஞ்சேனையில."

"மீன் சமைக்கிற அடுப்பிலயோ?"

"ஓம். கழுவித் துடைச்சுத்தான். ஆனா அந்த அடுப்பிலதான்."

யோகநாயகி கதவைப் பிடித்தபடி நின்றாள். கரியருக்குக் கை நீட்டவில்லை. கதவைச் சாத்தவுமில்லை.

"நிண்டுகொண்டு கதையாதேயும். உமக்கு முழங்கால் நோகும்," என்றாள். "உள்ள வந்து இரும்."

உள்ளே போய் இருந்தாள். யோகநாயகி தேத்தண்ணி போட்டுத் தந்தாள். பிரசாந்தைப் பற்றிக் கேட்டாள், பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். கொட்டாஞ்சேனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைத் தொடவுமில்லை. புறப்படும்போது, "கரியரை எடுத்துக்கொண்டு போம்," என்றாள், அவ்வளவுதான்.

நிறைந்த கரியரோடு அவள் வீடு திரும்பியபோது எமல்டா வாசலில் நின்றாள்.

"சாப்பிட்டாங்களா அக்கா?"

"இல்லை."

"அடடா." எமல்டாவுக்கு முகம் வாடிவிட்டது. அவள் அரைத்துக் கொடுத்த தேங்காயும் அதில் இருந்தது.

"ஆனா இருக்கச் சொன்னவ. தேத்தண்ணி தந்தவ."

மூன்று பேருமாக மேசையில் கரியரைத் திறந்து, ஆறிப்போன சோற்றைப் பகிர்ந்து போட்டுச் சாப்பிட்டார்கள். ரொனி பாயசத்தை இரண்டாந்தரம் கேட்டார். அடுத்த திவசத்துக்கும் கொண்டுபோவீர்களா என்று எமல்டா கேட்டாள். கொண்டுபோவேன் என்றாள் சிவமணி, எங்கே சமைத்ததென்று கேட்டால் அதையும் சொல்வேன் என்றாள்.